கால் மிஷினை மேஜை ஆக்காதீர்கள்

புதுச்சேரி ஒயிட் டவுன் பக்கம் காபி குடிக்கப் போனால் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. பழைய தையல் மிஷினின் இரும்பு ஸ்டாண்ட், அதன்மேல் ஒரு கண்ணாடி, அதன்மேல் காபி டம்ளர். கீழே பெடல் அப்படியே இருக்கும், பெரிய சக்கரமும் இருக்கும். மேலே இருக்க வேண்டிய தலை மட்டும் இருக்காது. அது எந்தப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போனதோ என்று நினைத்தால் எனக்குக் காபி இறங்குவதில்லை.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். வருமானத்துக்குத் தைப்பது பவர் மிஷினில். ஆனால் ஒட்டுத்துணிப் போர்வை என்று உட்கார்ந்தால் என் மாமனாரின் சிங்கர் கால் மிஷின்தான். வெளிநாட்டில் குவில்ட் என்கிறார்களே, அதுதான். துண்டு துண்டாக இணைத்த துணி மேலே, கனத்துக்கு ஒரு அடுக்கு நடுவில், முழுத் துணி ஒன்று அடியில். மூன்றையும் சேர்த்துக் கோடு கோடாகத் தையல் ஓட்ட வேண்டும். "இதுக்கு ஏன் இந்தப் பழைய மிஷின்? மோட்டார் மாட்டிக்கலாமே" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். பழசு என்கிற பாசத்துக்காக நான் இதை வைத்துக்கொண்டிருக்கவில்லை. இந்த வேலைக்கு இதைவிட நல்ல மிஷின் இல்லை, அதனால்தான்.

பவர் மிஷின் நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் தையல் போடக்கூடியது. தீபாவளி நேரத்து பிளவுஸ்களுக்கு அந்த வேகம் வேண்டும். நாலு சதுரங்களின் மூலை ஒரே புள்ளியில் வந்து சேர வேண்டிய இடத்தில் அந்த வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெடலை லேசாகத் தொட்டாலே அரை இன்ச் ஓடிவிடுகிறது. கை மிஷினில் வேகம் அடங்கும், சரி. ஆனால் வலது கை சக்கரத்திலேயே இருக்கும், துணியைப் பிடிக்க இடது கை மட்டும்தான் மிச்சம். கால் மிஷினில் வேகம் முழுக்கக் காலிடம், துணி முழுக்க இரண்டு கையிடம். மூலை நெருங்கும்போது பாதத்தின் ஆட்டத்தைக் குறைத்தால் ஊசி ஒவ்வொரு குத்தாக இறங்கும். இரண்டு விரலால் தையல் மடிப்பை விரித்துப் பிடித்துக்கொண்டே அந்தக் குத்தைப் போடலாம்.

எனக்குக் கற்றுக்கொடுத்தது மாமாதான். மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுப் பக்கம் சின்னதாகக் கடை வைத்திருந்தவர். நான் கல்யாணமாகி வந்த புதிதில் பெடலைத் தட்டித் தட்டி மிதிப்பேன். "மிதிக்காதம்மா, அசைச்சாப் போதும்" என்பார். ஊஞ்சலை ஆட்டுகிற மாதிரிதான், போய்த் திரும்பும் நேரம் பார்த்து ஒரு தள்ளு. ஒரு கால் சற்று முன்னே, ஒரு கால் பின்னே. முன்பாதம் ஒரு முறை அழுத்தினால் குதிகால் ஒரு முறை. வலது கையால் மேல் சக்கரத்தை நம் பக்கமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு, அது ஓட ஆரம்பித்ததும் காலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டால் நூல் சிக்கி அறுந்துபோகும். கீழே பெரிய சக்கரம் ஒரு சுற்று வந்தால் மேலே சின்னச் சக்கரம் நாலைந்து சுற்று வரும். ஊசி இல்லாமல், நூல் இல்லாமல், வெறும் பெல்ட் மாட்டி மிதித்துப் பழகச் சொன்னார். அதற்கப்புறம் கோடு போட்ட நோட்டுத் தாளில், நூல் கோக்காத ஊசியால் கோட்டின் மேலேயே குத்திக்கொண்டு போகச் சொன்னார். இன்றைக்கும் என்னிடம் கற்க வருகிற பெண்களுக்கு அதே வரிசைதான்.

ஒரு தையல் எப்படி விழுகிறது என்பதையும் கால் மிஷினில் நன்றாகக் கண்ணால் பார்க்க முடியும். ஊசிக்குப் பக்கத்தில் இருக்கும் தகட்டை நகர்த்திவிட்டு, கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஊசி துணியைத் துளைத்து அடிவரைக்கும் போகும். போய், ஒரு நெல்மணி அளவுகூட ஏறியிருக்காது, அதற்குள் ஊசியின் பின்பக்கம் நூல் லேசாகப் புடைத்து ஒரு வளையம் விழும். ஊசி ஏறுகிறது, துணிக்குள் மாட்டிய நூல் ஏற மாட்டேன் என்கிறது, அதனால் வருகிற வளையம். அந்த நொடியில் கொக்கியின் முனை வந்து வளையத்துக்குள் நுழைந்து, அதை அகட்டி, கீழ் நூல் சுற்றிய பாபின் உட்கார்ந்திருக்கும் கேஸைச் சுற்றிக் கொண்டுபோய் விடும். அப்புறம் மேலே 'நூல் தூக்கி' என்கிற கம்பி வெடுக்கென்று ஏறி மிச்ச நூலை இழுத்து இறுக்கும். மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடுக்கனத்தில் பின்னிக்கொள்ளும். டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், சரியாக இருந்தால் அந்தப் பின்னல் வெளியே தெரியக் கூடாது. மேலே சிவப்பு, பாபினில் வெள்ளை என்று இரண்டு நிறம் போட்டு ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மேல்பக்கம் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம். அடியில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் குறைவு. மூன்றடுக்குத் துணியில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் போர்வைக்கு அடிப்பக்கமும் முகம்தான்.

ஒட்டுத்துணி வேலைக்கு நான் வந்தது 'தானே' புயலால். 2011 டிசம்பர் 30 அதிகாலை. கடலூரிலும் பண்ருட்டிப் பக்கமும் அன்றைக்கு விழுந்த முந்திரி, பலா மரங்களை யாரும் மறக்க முடியாது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. கரண்ட் வர நாள் கணக்கில் ஆனது, கிராமங்களில் இன்னும் கூட ஆனது. என் பவர் மிஷின் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. மாமாவின் மிஷினை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டோம். பள்ளி யூனிபார்ம் கிழிசல், ஜாக்கெட் கிழிசல் என்று முதலில் வந்தார்கள். அப்புறம் எங்கள் தெருவிலேயே ஓடு பறந்து, பாயும் தலையணையும் நனைந்து ஊறிப்போன வீடுகள். மார்கழிக் குளிர் வேறு. வீட்டில் இருந்த பழைய நூல் புடவை, வேட்டியெல்லாம் எடுத்து மூன்று நாலாக அடுக்கி, நீளவாக்கில் கோடு கோடாகத் தைத்துக் கொடுத்தோம். குழந்தைக்குப் பழம்புடவையை மடித்துத் தைத்துப் போடுவது எல்லா வீட்டிலும் உண்டே, அதைப் பெரியவர்கள் அளவுக்குச் செய்தோம், அவ்வளவுதான். மாமா கத்தரியோடு உட்கார்ந்து பிசிறு வெட்டினார், நான் மிதித்தேன். அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் நாலடுக்குப் பழந்துணிக்குள் அந்த மிஷின் ஒரு தையல் விடாமல் போனதைப் பார்த்தபோதுதான் இதன் பலம் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகுதான் துண்டுகளை வீணாக்காமல் சேர்க்கத் தொடங்கினேன். தையல்காரி வீட்டில் துண்டுக்கா பஞ்சம்? டூ பை டூ, பாப்லின், லைனிங் என்று மூட்டை மூட்டையாக விழும். ஆனால் எனக்குப் பிடித்தது லுங்கித் துணி. குறிஞ்சிப்பாடிப் பக்கம் கைத்தறியில் நெய்த கட்டம் போட்ட லுங்கி. நைந்த லுங்கி என்றால் இன்னும் நல்லது, துவைத்துத் துவைத்துச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, சாயம் போக வேண்டியதெல்லாம் போயிருக்கும். இரண்டு மீட்டர் லுங்கியின் மூட்டுத் தையலைப் பிரித்து விரித்தால் நாலரை இன்ச் சதுரம் கணக்குப்படி 170 வரை வெட்டலாம். உட்காரும் இடத்தில் துணி நூலாகிப் போயிருக்கும், அதைக் கழித்தால் நூறு தேறும். புது லுங்கியாக இருந்தால் தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசி எடுங்கள். வெள்ளையோடு சேர்த்துத் தைத்துவிட்டுப் பிறகு துவைத்தால் சிவப்பு இறங்கி எல்லாம் பாழ்.

நாலரை இன்ச் சதுரம் ஏன் என்றால், நாலு பக்கமும் கால் இன்ச் மடிப்புக்குப் போக நாலு இன்ச் நிற்கும். மூன்றுக்கு மூன்று ஒன்பது சேர்த்தால் ஓரடிக் கட்டம். அகலத்தில் ஐந்து, நீளத்தில் ஆறு என்று முப்பது கட்டம் வைத்தால் ஐந்தடிக்கு ஆறடிப் போர்வை, மொத்தம் 270 சதுரம். பாலியஸ்டரையும் பருத்தியையும் கலக்காதீர்கள். ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது. இஸ்திரிப் பெட்டிச் சூடும் இரண்டுக்கும் வேறு. சந்தேகமாக இருந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகித வாசனையோடு எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிச் சின்ன மணியாக உறையும்.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் நல்ல துணி கிடைக்கும். எங்கள் சித்தப்பா ரோடியர் மில்லில், அதாவது ஏ.எஃப்.டி. என்கிற ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸில் வேலை பார்த்தவர். 1898இல் தொடங்கிய மில். 2020இல் அது மூடப்பட்டதும் அவர் பீரோவிலிருந்து மில் துணியை எடுத்து என்னிடம் கொடுத்தார். "நீயாவது எதாச்சும் பண்ணு" என்றார். அதற்குக் கத்தரி வைக்க மனம் வராமல் முழுதாகவே ஒரு போர்வையின் அடித்துணியாக வைத்தேன். நெசவு அவ்வளவு நெருக்கம், ஊசி இறங்கும்போதே காதில் கேட்டது. ஒரு காலத்தில் புதுச்சேரியிலிருந்து நீலச்சாயத் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனகல்வரை போயிருக்கிறது. துணியால் வாழ்ந்த ஊர் இது. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் உபாசனா நிறுவனம் மீனவப் பெண்களுக்கு மிச்சத் துணியில் சுனாமிகா என்ற குட்டிப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. அதை விற்பதில்லை, கையில் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பொம்மைமேல் பெரிய மரியாதை.

வெளிநாட்டுக் குவில்ட்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற ஆற்றோரக் கிராமத்துப் பெண்கள் தைத்தவை. கறுப்பினப் பெண்கள், வயல் வேலைக்குப் போட்டுக் கிழிந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டித் தைத்தார்கள். 2002இல் அவை ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டன, 2006இல் அந்நாட்டுத் தபால்தலையில் வந்தன. கோடு நேராக இருக்க வேண்டும், மூலை சேர வேண்டும் என்று நான் படும் பாட்டை அவர்கள் பட்டதில்லை. இருக்கிற துணி சொன்ன வழியில் போயிருக்கிறார்கள். முழங்கால் வெளுத்த நீலத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு லுங்கியின் வெளுத்த இடத்தை நானும் ஒதுக்குவதில்லை, கிழியாமல் இருந்தால் சரி.

நடு அடுக்குக்கு வருகிறேன். கடைகளில் விற்கும் பஞ்சு விரிப்பு கடலூர் வெயிலுக்கு ஆகாது. மே மாதம் யார் போர்த்திக்கொள்வது? நான் வைப்பது ஒரு பழைய வேட்டி, மார்கழிக்கென்று கேட்டால் இரண்டு. துவைத்தால் ஒரு நாளில் காய்ந்துவிடும், மழைக்காலத்தில் பூஞ்சை வாசனை வராது. மூன்றையும் தரையில் இழுத்து விரித்து, நடுவிலிருந்து ஆரம்பித்து நாலு விரற்கடைக்கு ஒரு ஊக்கு குத்திவிட்டுத்தான் மிஷினுக்குக் கொண்டுபோக வேண்டும். தையலும் நடுவிலிருந்து ஓரத்துக்குத்தான். ஓரத்திலிருந்து தொடங்கினால் துணியெல்லாம் நடுவில் வந்து சுருக்கம் விழும்.

கால் மிஷினில் உள்ள ஒரே சிரமம் இடம். ஊசிக்கும் வலது பக்கத் தூணுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது. ஐந்தடிப் போர்வையின் பாதி அதற்குள் நுழைய வேண்டும். வலது பக்கத்தைப் பாய் சுருட்டுவதாகச் சுருட்டி ஊக்கு குத்திவிடுவேன். அதற்கும் அடங்காவிட்டால் போர்வையை இரண்டடி அகலப் பட்டைகளாகத் தனித்தனியே மூன்றடுக்கும் தைத்து முடித்துக் கடைசியில் பட்டைகளை இணைப்பேன். இடது பக்கம் ஒரு ஸ்டூல், பின்னால் ஒரு பெஞ்ச் கட்டாயம். போர்வையின் கனம் கீழே தொங்கி இழுத்தால் ஊசி வளையும், வளைந்த ஊசி தகட்டில் பட்டு முறியும். இணைக்கும்போது 14 நம்பர் ஊசி, மூன்றடுக்குக்கு 16. தையல் நீளத்தையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், இன்ச்சுக்கு எட்டு, ஒன்பது போதும். அடித்துணி கட்டம் போட்டதாக இருந்தால் இன்னொரு வசதி. போர்வையைத் திருப்பிப் போட்டு அந்தக் கட்டத்தின் கோட்டின் மேலேயே ஓட்டிவிடலாம், சாக்பீஸ் கோடே வேண்டாம். குறிஞ்சிப்பாடி நெசவாளி தறியில் போட்ட கோடு வளையாது.

பழைய மிஷினில் ரிவர்ஸ் இருக்காது என்று கவலைப்படுகிறார்கள். தேவையில்லை. முடிவில் ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்து, துணியை அழுத்திப் பிடிக்கும் 'பூட்' என்கிற பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, வந்த வழியே நாலு குத்து போட்டால் முடிச்சு ஆயிற்று. ஜிக்ஜாக்கும் இல்லை. ஒட்டுத்துணிக்கு நேர்த்தையலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். மின்சார லைன் இல்லாமல் வாழும் ஆமிஷ் மக்கள் அமெரிக்காவில் கால் மிஷினில்தான் துண்டுகளை இணைத்து அவ்வளவு நேர்த்தியான குவில்ட்களைச் செய்திருக்கிறார்கள்.

வீட்டில் பரண்மேல் மிஷின் இருக்கிறது, ஓடவில்லை என்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கடற்கரை ஊரில் உப்புக் காற்றுக்கு இரும்பு பிடித்துக்கொள்வது சகஜம், முக்கால்வாசி மிஷின்களுக்கு வந்திருப்பது அவ்வளவுதான். எண்ணெய் ஓட்டைகளில் மண்ணெண்ணெய் சொட்டு விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். சக்கரத்தை வலுக்கட்டாயமாகத் திருப்பாமல் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பழைய எண்ணெய் கறுப்பாகக் கரைந்து வரும். துடைத்துவிட்டு மிஷின் எண்ணெய் மட்டும் போட வேண்டும். தேங்காய் எண்ணெய் விட்டால் அது காலப்போக்கில் பிசினாகி மறுபடி பிடித்துக்கொள்ளும். பாபின் கேஸைக் கழற்றி, துணியை நகர்த்தும் பற்களுக்கு அடியில் பாருங்கள், பஞ்சு திரண்டு கிடக்கும். தலையில் இருக்கும் தங்க நிறப் பூவேலையை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது, மேல்பூச்சு கரைந்துவிடும். மிஷின் எண்ணெயைப் பழந்துணியில் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் பளிச்சென்று வரும். தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் புதிது வாங்கக்கூட வேண்டாம், கிளிப்பைக் கழற்றி அரை இன்ச் வெட்டி மறுபடி மாட்டினால் பிடித்துக்கொள்ளும். ரொம்ப இறுக்கிவிடாதீர்கள், கால் வலிக்கும்.

மாமாவின் மிஷினில் வலது பக்கம் அடியில் உள்ள எண் ஒய் எழுத்தில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் ஆலையில் 1920களிலிருந்து 1930களின் நடுவரைக்கும் செய்தவற்றுக்கு அந்த எழுத்து. ஆலை 1980இல் மூடப்பட்டுவிட்டது, அங்கே ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்றும் சிங்கர் என்றே பெயர். எங்கள் தெருவில் மற்ற வீடுகளில் இருப்பது பெரும்பாலும் உஷா. 1930களில் கல்கத்தாவில் பிறந்த நம் நாட்டு மிஷின், அதுவும் இதே வேலையை இதே அழகோடு செய்யும். வாங்குவதாக இருந்தால் வட்டப் பாபின் போடுகிற மிஷினாகப் பாருங்கள், ஊசியும் பாபினும் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். பாபினை உள்ளே வைத்து ஓடும் நீள ஷட்டில் போடும் பழைய மிஷின் அருமையாகத் தைக்கும்தான், ஆனால் ஷட்டிலும் அதன் நீளப் பாபின்களும் கூடவே இருந்தால் மட்டும் எடுங்கள்.

விலை பேசுவதற்கு முன்னால் டிராயரைத் திறந்து பாருங்கள். மூலையில் ஒரு தகர டப்பா கிடக்கும். அதற்குள் ஓரம் மடிக்கும் பூட், சுருக்கம் வைக்கும் பூட் என்று குட்டிக் குட்டிச் சாமான்கள். அவற்றில் வளைந்த கம்பி ஒன்று இருந்தால் விடாதீர்கள், அது குவில்ட் வேலைக்கென்றே கொடுத்தது. அந்த பூட் பாதத்தோடு சேர்ந்து பக்கவாட்டில் நீட்டி நிற்கும். அதன் முனை ஏற்கெனவே தைத்த கோட்டின் மேல் போகும்படி வைத்துக்கொண்டால் அடுத்த கோடு அதே இடைவெளியில் விழும், எத்தனை கோடு போட்டாலும் மாறாது. கம்பி இல்லாவிட்டால் பெயிண்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை வாங்கி, அதை ஒட்டி ஓரமாகத் தைத்துக்கொண்டு போகலாம். தைத்ததும் உடனே உரித்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு மதியம் விட்டால் பசை துணியில் ஏறிக்கொள்ளும்.